மகனுக்கு வாங்கிய கொழும்பு ஊக்கு

கைக்குழந்தைக்கு இடுப்பில் துணி கட்டலாமா, கூடாதா என்று யாராவது கேட்டால் என்னிடம் தெளிவான பதில் உண்டு. கட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பதிலை வாய்விட்டுச் சொல்லும் உரிமை என் வீட்டில் எனக்குக் கிடையாது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் அது பறிபோனது. அன்று நடந்ததற்கெல்லாம் நான் மட்டுமே காரணம் என்று என் மனைவி வகையறா மொத்தமும் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறது. அது அபாண்டம். முக்கால் பங்குக்கு நான் காரணம், ஒப்புக்கொள்கிறேன். மீதிக் கால் பங்குக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளின் நடுவில் நான் பெரியபட்டினத்தில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர். வயது இருபத்து நான்கு. உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயம் அதிகம் இல்லை என்று நம்பிய வயது. (ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வேறு கையில் இருந்தது. கேட்க வேண்டுமா?) மனைவி பவளம் தலைப்பிரசவத்துக்குத் திருவாடானைப் பக்கத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். ஆண் குழந்தை பிறந்ததாகத் தகவல் வந்ததும், இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாமியார் குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அரைஞாண் கயிற்றைத் தவிர அவன் உடம்பில் ஒன்றும் இல்லை. நான் முகத்தைப் பார்த்து, மூக்கு யார் ஜாடை என்று முடிவு செய்வதற்குள் சட்டை மார்பு முழுக்க நனைந்துவிட்டது. சுற்றி நின்ற பெண்கள் ஒரு பத்துப் பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

“அப்பன அடையாளம் கண்டுக்கிருச்சு பாரு,” என்றார் மாமியார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடையாளம் காண்பதற்கு வேறு வழியே இல்லையா? மாற்றுச் சட்டை கொண்டு போகவில்லை. மாமனார் சட்டை போடுகிற வழக்கம் இல்லாதவர். அதனால் இரவலும் கிடைக்கவில்லை. ராமநாதபுரம் வரை பஸ்ஸில் அந்தச் சட்டையோடுதான் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு தடவை என்னை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து பின்சீட்டுக்குப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் பிள்ளை இப்படி வளரக் கூடாது.

பள்ளிக்கு எதிரே காதர் காக்கா கடை வைத்திருந்தார். அவருடைய மச்சான் கொழும்பில் ஒரு பெரிய துரை வீட்டில் சமையல் வேலை பார்த்தார். என் குறையைக் கேட்டதும் காக்கா கல்லாவுக்குள் கையை விட்டு ஒரு அட்டையை எடுத்தார். அதில் நான்கு ஊக்குகள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம், தலையில் நீல நிறத்தில் சின்னத் தொப்பி.

“அந்த வீட்டுல புள்ளைகளுக்கு இதத்தான் குத்துறாகளாம் வாத்தியாரே. துணிய முக்கோணமா மடிச்சு, காலுக்கு நடுவுல விட்டு, இங்கன ஒண்ணு அங்கன ஒண்ணு குத்திட்டா முடிஞ்சு போச்சு. நாப்கின்னு பேரு. யாரு சட்டையும் நனையாது. ஒண்ணே ஒண்ணு, புதுத்துணி மட்டும் வேணாம், புள்ளைக்கு அறுக்கும். நல்லா நைஞ்ச பழந்துணியாப் பாருங்க. இன்ஷா அல்லா, புள்ள ராசா கணக்கா இருப்பான்.”

அந்தக் கடைசி வார்த்தை மனத்தில் நின்றுவிட்டது. அட்டையோடு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து மாமனார் ஊர் அய்யனார் கோயிலில் புரவியெடுப்பு வந்தது. ஊர்க் குயவரும் கோயில் பூசாரியுமான வேளார் செய்து சுட்ட மண்குதிரைகளைச் சூளையிலிருந்து ஊரே கூடித் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் வைக்கிற திருவிழா. அதில் என் மாமனார் வீட்டுக்கு, அதாவது மேலவீட்டுக்கு, ஒரு தனிப் பெருமை இருந்தது. அவருடைய தாத்தா காலத்தில் அய்யனாருக்குச் சாத்தி எடுத்து, மரியாதையாகத் தாத்தா தலையில் கட்டிய பரிவட்டத் துணியை அந்த வீட்டில்தான் வைத்திருந்தார்கள். வருஷாவருஷம் அந்தத் துணி தட்டில் கோயிலுக்கு வரும். வேளார் அதை எடுத்து மாமனார் தலையில் கட்டுவார். அதற்குப் பிறகுதான் முதல் குதிரை நகரும். துணி எந்த வீட்டிலிருந்து வருகிறதோ அந்த வீட்டுக்கு முதல் மரியாதை. ஒரு வருஷம் துணி வராவிட்டால் கீழவீட்டுப் பங்காளி முத்துக்கருப்பன் தன் வீட்டுத் துணியோடு தயாராக நிற்பார். மூன்று தலைமுறையாகக் கீழவீட்டில் யாராவது ஒருவர் அப்படி நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணம் பேசும்போதே சொல்லியிருந்தார்கள். தெரியாதது ஒன்றுதான். அந்தத் துணியை நான் கண்ணால் பார்த்ததில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் போய்ச் சேர்ந்தேன். சாப்பிட்டுக் கையைக் கழுவியதும் ஊக்கு அட்டையை எடுத்து மாமியாரிடம் காட்டி விஷயத்தை விளக்கினேன். வகுப்பில் விளக்குவதைப் போல நிதானமாகத்தான் விளக்கினேன்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “பச்சப்புள்ளைக்குக் கோவணமா மாப்பிள? ஏன், ஏரு உழுகப் போறானா?” என்றார்.

“கோவணம் இல்ல அத்தை. நாப்கின்.”

“என்னமோ ஒண்ணு. இந்த வெக்கைக்குப் புள்ளைக்குக் காத்துப் பட வேணாமா? துணியக் கட்டி ஊறப்போட்டா இடுக்கெல்லாம் வெந்து போகும். அடியில பழஞ்சேலைய விரிச்சிருக்கு, நனைஞ்சா மாத்தறேன். போதும்.”

“தூக்குறவுக சட்டை நனையுதே.”

“நனைஞ்சா என்ன? காயாதா?”

பவளம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். (சிரித்தாள் என்பது எனக்குத் தெரியும். அவள் தோள் குலுங்கியது.) மாமனார் நல்ல மனிதர், குறைவாகப் பேசுவார். “மாப்ள படிச்சவரு, ஆசைப்படுறாரு, ஒரு நாளைக்குக் கட்டிப் பாப்பமே,” என்றார். கொஞ்ச நேரத்தில் மாமனாரும் மாமியாரும் வேளார் சூளைக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பிப் போய்விட்டார்கள். பவளம் குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே தூங்கிப் போனாள்.

ஒரு நாள் அனுமதி கிடைத்துவிட்டது. துணிதான் வேண்டும். உள் அறையில் மரப்பெட்டி பூட்டாமல் இருந்தது. திறந்தேன். வேட்டிகள், துண்டுகள், சேலைகள். இந்த இடத்தில் இளைஞனான நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் அவன் காதைத் திருகத் தோன்றுகிறது. கைக்குக் கிடைத்த பழைய வேட்டி ஒன்றை எடுத்துக் கிழித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எடுக்கவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியன் அல்லவா? ஒவ்வொரு துணியாக எடுத்துக் கன்னத்தில் தேய்த்து, எது ரொம்ப மெத்தென்று இருக்கிறது என்று பரீட்சை வைத்தேன். மாமனாரின் வேட்டிகள் எல்லாம் தேறவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்திருந்த ஒரு துணி மட்டும் கன்னத்தில் வைத்ததே தெரியவில்லை. ஒரு முழ அகலம், ஆறு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், மெல்லிய செங்கரை. மங்கின வெள்ளை. அவ்வளவு நைந்த துணியை நான் அதுவரை தொட்டதில்லை. ஒரு ஓரத்தில் மட்டும் மஞ்சளும் சிவப்புமாகக் கறை படிந்திருந்தது.

அது சந்தனமும் குங்குமமும் என்று இப்போது உங்களுக்குத் தெரிகிறது. எனக்கு அழுக்கு என்று தெரிந்தது. சுகாதாரத்தை முன்னிட்டு அந்த ஓரத்தை முதலில் கத்தரித்து எறிந்தேன். பிறகு முழத்துக்கு ஒன்றாக ஆறு சதுரம் வெட்டினேன்.

இங்கே நான் ஒரு கேள்வி கேட்கிறேன். மூன்று தலைமுறை மரியாதையைக் கொண்டுபோய் யாராவது கட்டிக் கழித்த வேட்டிகளோடு வைப்பார்களா? வருஷம் பூராவும் அதைச் சாமி அறையில் ஓலைக் கொட்டானில் வைத்துவிட்டு, நாளைக்குத் திருவிழா என்னும்போது துவைத்து வெயில் காட்டி, கைக்கு எட்டும்படி பெட்டியில் மேலாக வைத்தது யார்? நானா? மேலே ஒரு சீட்டாவது எழுதி ஒட்டியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புக்கட்டிப் பெட்டிக்கே நாங்கள் சீட்டு ஒட்டுவோம்.

பவளம் விழிப்பதற்குள் பையனுக்கு முக்கோணம் மடித்து இரண்டு பக்கமும் ஊக்குக் குத்திவிட்டேன். அவன் அழவில்லை. கால்களை உதைத்துக்கொண்டு நீலத் தொப்பியை ஆராய்ந்தான். அந்தத் துணியை அப்பா தலையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி என்பதால் பவளத்துக்கும் அடையாளம் தெரியவில்லை. எழுந்து பார்த்து, “நல்லாத்தான் இருக்குங்க,” என்றாள். (இதை அவள் பிற்பாடு மறுத்தாள். சொன்னாள்.) மாலைக்குள் மூன்று துணி நனைந்தது. மூன்றையும் நானே அலசி வாசல் கொடியில் தெருவைப் பார்க்கக் காயப்போட்டேன். ஊரும் பார்த்து நாலு விஷயம் கற்றுக்கொள்ளட்டும் என்ற எண்ணம்தான். கீழவீட்டு முத்துக்கருப்பன் அந்த வழியாகப் போனவர், நின்று கொடியை வெகுநேரம் பார்த்தார். நாப்கினைப் பற்றி அவருக்கும் விளக்கினேன். கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ரொம்பச் சந்தோசம் மாப்ள,” என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன பண்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். சூளையிலிருந்து வீட்டார் திரும்பியபோது இருட்டிவிட்டது. வந்த களைப்பில் யாரும் கொடியையும் கவனிக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் இடுப்பையும் பார்க்கவில்லை.

விடிந்தது. மாமியார் குளித்து முழுகித் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் அடுக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். துணிகளை எல்லாம் வெளியே அள்ளிப் போட்டார். “மேலாக்கத்தான வச்சேன், மேலாக்கத்தான வச்சேன்,” என்று அதையே சொன்னார். மாமனார் என்ன என்று கேட்க வந்தவர் பெட்டிப் பக்கம் போகவில்லை. பவளத்தின் மடியில் கிடந்த குழந்தையின் இடுப்பைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“மாப்ள,” என்றார் மெதுவாக. “புள்ள இப்ப இடுப்புல கட்டியிருக்கானே, அது எங்க தாத்தன் தலையில கட்டுனது.”

பங்காளி ஏன் கரையைத் தொட்டுப் பார்த்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. என் முட்டாள்தனத்தால் ஒரு நல்ல மனிதர் ஊர் நடுவில் தலை குனிந்து நிற்கப் போகிறார். வெட்கம் தாங்காமல், “நானே வந்து ஊர்க்கூட்டத்துல சொல்றேன் மாமா,” என்றேன்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்,” என்றாள் பவளம். அவள் அப்படி ஒரு குரலில் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. “நனையாதது எத்தன இருக்கு?”

இரண்டு இருந்தது. மூன்று கொடியில், ஒன்று பிள்ளை மேல். அலசியதையும் சேர்த்துத் தைக்கலாமே என்று நான் வாயைத் திறந்தேன். மாமியார் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். ஊசியில் நான் நூல் கோத்துக் கொடுக்க, பவளம் இரண்டு துண்டையும் ஒன்றாக இணைத்து நீளவாக்கில் மடித்துத் தைத்தாள். மாமியார் அதற்குள் குழந்தையின் இடுப்பிலிருந்து ஊக்குகளைக் கழற்றி என் கையில் வைத்தார். “இனிமே எம் பேரன் இடுப்புல ஒரு நூலு ஏறக் கூடாது,” என்றார். நான் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“யாராச்சும் கேட்டா என்னய்யா சொல்லுவ?” என்று பவளம் தன் அப்பாவைக் கேட்டாள்.

“கேக்காட்டிச் சொல்ல மாட்டேன். கேட்டா அய்யனார் முன்னால பொய் சொல்ல மாட்டேன்,” என்றார் மாமனார். தட்டை அவரே எடுத்துக்கொண்டார்.

கோயிலில் கூட்டம் நெரிந்தது. மண்குதிரைகள் வரிசையாக நின்றன. கீழவீட்டுப் பங்காளி முதல் வரிசையில் நின்றார். அவர் கையிலும் ஒரு தட்டு, அதில் சரிகை போட்ட புத்தம்புதுத் துணி. என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

வேளார் எங்கள் துணியை எடுத்து மாமனார் தலையைச் சுற்றினார். வழக்கமாக மூன்று சுற்று வரும் துணி ஒரு சுற்றிலேயே முடிந்துவிட்டது. இரண்டு முனையும் சேர்ந்தன, ஆனால் முடிச்சுப் போட இடம் இல்லை. வேளார் இழுத்துப் பார்த்தார். தையல் விடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. “என்ன, இந்த வருசம் சுருங்கியிருக்கு?” என்றார் மெதுவாக. பங்காளி தட்டோடு ஓரடி முன்னால் வந்தார்.

என் கை தானாகப் பைக்குள் போனது.

“சாமி, இத வச்சுக் குத்திருவோம்,” என்று ஒரு ஊக்கை நீட்டினேன்.

“இரும்பாச்சே,” என்று வேளார் தயங்கினார்.

“அங்கன கருப்பசாமி கையில இருக்கிற அரிவா மட்டும் என்ன, மரமா?” என்றேன். அந்த இரண்டு நாளில் நான் பேசிய ஒரே உருப்படியான வாக்கியம் அதுதான். வேளார் யோசித்து நகர்ந்துகொண்டார். நான் ஊக்கைப் பிரித்தேன். மாமனார், “குத்திராதீக மாப்ள,” என்று உதடு அசையாமல் சொன்னார். குத்தாமல் மாட்டிவிட்டேன். நெற்றிக்கு நேரே நீலத் தொப்பி வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்தது தலைப்பேரனைச் சாமியிடம் காட்டி விபூதி பூசுகிற வழக்கம். மாமியார் குழந்தையை மாமனார் கையில் கொடுத்தார். பிறந்தமேனியாக. மாமனார் அவனை மார்போடு வைத்து, முகம் கூட்டத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பங்காளி தட்டோடு நெருங்கி வந்து, ஊக்கை உற்றுப் பார்த்தார்.

“என்னண்ணே, தலையில என்னமோ மினுங்குது. நேத்து வாசக் கொடியிலயும் இதே செங்கரையப் பாத்தேன். சாமி சாட்சியாச் சொல்லு, இது அந்தத் துணிதானா?”

பறை நின்றது. மாமனார் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. “தம்பி, நடந்தத...” என்று ஆரம்பித்தார்.

என் மகன் அவரை முடிக்க விடவில்லை. இரண்டு மாதக் குழந்தைக்கு அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைத்ததே இல்லை. முதலில் பங்காளியின் மீசை, பிறகு சட்டை, பிறகு தட்டு. அவர் பின்னால் நகர நகர அதுவும் கூடவே போனது. சரிகைத் துணி சொட்டச் சொட்ட நனைந்து, வெற்றிலை மிதந்தது.

கூட்டம் இடிந்து விழுந்த மாதிரி சிரித்தது. “புள்ளையே பதில் சொல்லிருச்சு,” என்று யாரோ கத்தினார்கள். வேளாரும் சிரித்துவிட்டார். பங்காளியைப் பார்த்து, “போங்க, ஊருணியில முழுகிட்டு வாங்க. நனைஞ்ச தட்டு சன்னதியில ஆகாது,” என்றார். அவர் முழுகிவிட்டு வருவதற்குள் முதல் குதிரை கோயில் எல்லையைத் தாண்டிவிட்டது. கேட்ட கேள்வியை மறுபடி கேட்க அவருக்கு அன்றைக்கு முகம் இல்லை. மாமனார் மட்டும் மறுநாள் அவர் வீட்டுக்கே போய், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வந்தார். அவர் அப்படிப்பட்டவர்.

இப்போது நியாயத்தைப் பாருங்கள். துணி கட்டாத குழந்தை எதிரே நிற்கிறவர்களை நனைக்கும் என்பதுதானே என் வாதம்? அதைத்தானே என் மகன் ஊர் முன்னால், சாமி சன்னதியில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தான்? ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாமியார் சொன்னது என்ன தெரியுமா?

“பாத்தீகளா மாப்பிள. நீங்க சொன்ன கோவணத்தக் கட்டியிருந்தா இன்னைக்கு நம்ம மரியாதை போயிருக்கும்.”

ஒருவர் விடாமல் தலையாட்டினார்கள். பவளமும். துணியை வெட்டியதே நான்தான், வெட்டாவிட்டால் மரியாதைக்கு ஆபத்தே வந்திருக்காது என்பதை நானே எடுத்துச் சொல்லவா முடியும்? என் பிள்ளைகள் நால்வரும் அரைஞாண் கயிற்றோடுதான் வளர்ந்தார்கள். என் சட்டைகள் எப்படி வளர்ந்தன என்பதை விட்டுவிடுகிறேன்.

மாமனார் காலத்துக்குப் பிறகு, மலேயாவிலிருந்து திரும்பிய என் மச்சினன் தலைக்குப் பரிவட்டம் போனது. அதே இரண்டு துண்டு, பவளத்தின் தையல். அதைவிடக் கொடுமை, அந்த ஊக்கும் கூடவே போகிறது. புரவியெடுப்பு அன்று வெற்றிலை மேல் தனியாக அது வருகிறது. அது இல்லாமல் வேளாரின் மகன் துணியைத் தொட மாட்டார். போன தடவை போனபோது ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவருக்கு, அந்தக் காலத்தில் கடல் தாண்டி அய்யனாருக்கு வந்த காணிக்கை அது என்று பயபக்தியோடு விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே நின்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சென்ற மாதம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மருமகள் ஒரு புத்தகத்தைப் பார்த்து, “மாமா, குழந்தைக்கு இடுப்புல துணி கட்டலாமா, வேணாமா? நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டாள். நாற்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

பவளம் எழுந்து உள்ளே போனாள். பீரோவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.